யாரும்மா அது என்று கேட்காத வீடு

ஜூன் 4

வாலு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு பலமுறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். உன் அறை முகவரி, போன மாதம் உனக்குக் கம்பளி அனுப்பிய ரசீதில் இருந்தது.

போனில் நடந்ததைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு நமக்குள் குழப்பம் வேண்டாம். உன் இணையப் பக்கத்தில் குடைப் படம் போட்டுக்கொண்டு எழுதும் ஆளை எடுத்துவிடு என்றேன். ஏன் என்று கேட்டாய். காரணம் சொல்ல முடியாது என்றேன். "அப்ப என்னாலயும் எடுக்க முடியாது" என்றாய். நான் குரலை உயர்த்தினேன். அது தப்பு.

அப்பா போன நாளிலிருந்து நீ அங்கே எழுதிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். உன் துக்கம், உன் இடம் என்று நான் எட்டிப் பார்க்கவே இல்லை. முதல்முறையாகப் போன வெள்ளிக்கிழமை திறந்தேன். என் கவுன்சலிங் அறையில், என்னிடம் வருபவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். என் நாற்காலியில் உட்காரத் தோன்றவில்லை.

நன்றாக எழுதுகிறாய். அப்பா லிஃப்ட் பழுது பார்க்கக் குழிக்குள் இறங்கும்போது பாட்டுப் பாடுவார் என்று எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். ஆனால் என்னைப் பற்றியும் இருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் இன்றைக்கும் அவருக்கும் சேர்த்து இரண்டு தட்டு வைக்கிறேன் என்பது. சாவு வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் நான் ஆறுதல் சொன்னேன் என்பது. அவருடைய வேலைச் சட்டைக்கு வாராவாரம் இஸ்திரி போடுகிறேன், கண்கூடக் கலங்காமல் போடுகிறேன் என்பது. அதற்குக் கீழே ஏகப்பட்ட பேர் இதயக் குறி போட்டிருக்கிறார்கள்.

ஒன்றும் பொய்யில்லை. ஆனால் என் அறையில் ஒரு போட்டோகூடக் கிடையாது என்று உனக்குத் தெரியும். வருபவருக்கு நான் யாருக்கு மனைவி, யாருக்கு அம்மா என்பது தெரியக் கூடாது. தெரிந்தால் என்ன ஆகும்? தன் வீட்டுச் சாவைப் பற்றிப் பேச வந்தவர், "இவங்களே பாவம்" என்று நினைத்துப் பாதியில் நிறுத்திக்கொள்வார். அழ வந்தவர் என் மனம் நோகுமென்று அழாமலே எழுந்து போவார். அப்புறம் நான் அங்கே எதற்கு?

என்னைப் பற்றிய பதிவுகளை எடுத்துவிடு. போனில் கேட்டதையும் மறக்காதே.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

*

ஜூன் 10

அம்மாவுக்கு,

உன்னோடு போனில் பேச மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. பேச ஆரம்பித்தால் உனக்கு அந்தக் குரல் வந்துவிடும். "நீ இப்ப ரொம்ப காயப்பட்டிருக்கேன்னு புரியுது" என்று மெதுவாக, இடைவெளி விட்டு. நான் உன்னிடம் கவுன்சலிங்குக்கு வந்த ஆள் இல்லை. காகிதத்தில் அந்தக் குரல் வராது. வந்தாலும் நான் மடித்து வைத்துவிடலாம்.

உன் கடிதத்தை வேலை செய்யும் பல் கூடத்திலேயே பிரித்துப் படித்தேன். கையில் பல் செட்டு மெழுகு. ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்தால் அதுதான். பக்கத்து மேஜை அக்கா, "என்னடி, லவ் லெட்டரா?" என்றாள். "அதைவிடக் கஷ்டம், எங்க அம்மா" என்றேன்.

நீ சொல்லும் காரணம் எனக்குப் புரிகிறது. சின்ன வயதிலிருந்து புரிந்துதான் வளர்ந்திருக்கிறேன். கடையிலோ பஸ்ஸிலோ யாராவது உன்னைப் பார்த்துச் சிரித்தால் "யாரும்மா அது?" என்று கேட்கக் கூடாது. அதுதான் நம் வீட்டுச் சட்டம். ஒருதரம் செருப்புக் கடையில் ஒரு பெரிய மனுஷர் உன்னைக் கண்டதும் கண் கலங்கினார். நீ அவரைத் தாண்டி எனக்குச் செருப்பு அளவு பார்த்துக்கொண்டிருந்தாய். வெளியே வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். "உங்கம்மாவுக்கு ஊரெல்லாம் சொந்தம். ஆனா ஒருத்தரையும் தெரியாது" என்றார். அவர் சொன்னால் எல்லாமே சிரிப்பாகிவிடும்.

அவர் இல்லாமல் போனபோது வீட்டில் யார் அழுதார்கள், சொல். நான் அழுதேன். நீ எனக்குத் தண்ணீர் கொடுத்தாய். பக்கத்தில் உட்கார்ந்தாய், முதுகைத் தடவினாய். எல்லாம் சரியாகச் செய்தாய். என்னோடு சேர்ந்து அழ மட்டும் ஆள் இல்லை. அதனால்தான் முகம் தெரியாதவர்களிடம் போய் எழுதினேன்.

குடை அக்கா வந்தது அங்கேதான். அவர் பேர் எனக்குத் தெரியாது, முகமும் தெரியாது. மற்றவர்கள் எல்லாரும் "மனம் கனக்கிறது" என்று எழுதிவிட்டுப் போவார்கள். அவர் ஒருவர்தான் "சாப்டியா?" என்று கேட்டார். அன்று நான் சாப்பிட்டிருக்கவில்லை. ஏழு மாதமாகப் பேசுகிறோம். என்னைவிட மூத்தவர், தனியாக இருக்கிறார். காலையில் எழுந்திருக்கக் காரணமே இல்லாத நாட்கள் தனக்கும் உண்டு என்று எழுதுவார். அப்படியான நாட்களில் நான் அவரைச் "சாப்டீங்களா?" என்று கேட்பேன். இவ்வளவுதான் எங்கள் உறவு. இதில் உனக்கு என்ன குறுக்கே நிற்கிறது?

காரணம் சொல்ல மாட்டேன், ஆனால் விலகு. இதைக் கேட்டுக்கொள்ள எனக்கு என்ன பத்து வயதா?

அதனால் அவரிடமே கேட்டுவிட்டேன். திங்கட்கிழமை. "எங்கம்மா உங்களை மட்டும் குறிப்பாச் சொல்லி, பேசாதேன்னு சொல்றாங்க. அவங்க ஒரு கவுன்சலர். உங்களுக்கு அவங்களைத் தெரியுமா அக்கா?" என்று. படித்துவிட்டார். பதில் இல்லை.

உன் மகள்

*

ஜூன் 15

வாலு,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்த பிறகு, கொஞ்ச நேரம் வாசற்கதவைக்கூடச் சாத்தாமல் நின்றிருந்தேன்.

நீ செய்தது தப்பில்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும். உனக்குக் காரணம் சொல்லப்படவில்லை, நீ கேட்டாய். யாரும் அதைத்தான் செய்வார்கள்.

தப்பு நான் போனில் சொன்னது. உன் பக்கத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவரைக் காட்டி நான் சொல்லியிருக்கவே கூடாது. அந்த ஒரு வாக்கியத்திலேயே எல்லாம் இருந்தது. காரணத்தைச் சொல்லாமல் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போதாததற்குக் கடிதத்திலும் நினைவுபடுத்தினேன். இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்துவிட்டு, வாயைத் திறந்த பிறகு வாயைப் பொத்தியிருக்கிறேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். தொழிலுக்காக என்று சொல்ல வாய் வருகிறது. உண்மை அது இல்லை. அன்று எனக்குப் பயம். நீ என் மகள் என்பதால் வந்த பயம். அறையில் உட்காருபவளுக்கு அந்தப் பயம் இருக்கக் கூடாது. எனக்கு வந்துவிட்டது.

இதற்கு மேல் எழுத முடியவில்லை. நீ எதையும் செய்ய வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். அந்தப் பக்கத்துக்கு இன்னொரு முறை எதையும் விளக்கி எழுதவும் வேண்டாம்.

அம்மா

*

ஜூன் 21

அம்மா,

இப்போது எனக்குத் தெரிகிறது. நீ சொல்லவில்லை. நானேதான் கண்டுபிடித்தேன். அதனால் உன் கணக்கில் எழுதிக்கொள்ளாதே.

எங்கள் கூடத்துக்கு வரும் பல் அச்சுகளில் பேர் இருக்காது, எண்தான் இருக்கும். யாருடைய வாய் என்று எங்களுக்குத் தெரியாது. போன வருஷம் ஒரு அச்சு வந்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி, கீழ்வரிசையில் ஒன்று குறுக்கே. பார்த்ததும் தெரிந்துவிட்டது, எங்கள் வீட்டுக்காரம்மா. அவருக்குக் கட்டுப்பல் என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அன்று சாயந்திரம் படியில் பார்த்தபோது சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் அவர் சிரிக்கும்போதெல்லாம் நான் வேறு எங்காவது பார்க்கிறேன். அவர் ஒருநாள், "ஏன்மா, என் மேல ஏதாவது கோவமா?" என்று கேட்டார். நான் காட்டிக்கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் கண் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்தபோது அந்தப் படிக்கட்டுதான் ஞாபகம் வந்தது.

குடை அக்கா உன்னிடம் வருபவர். என் பக்கத்தில் படித்த எதையோ உன் அறையில் வைத்து உன்னிடமே சொல்லியிருக்கிறார். சட்டையோ, தட்டோ. அதைக் கேட்டுத்தான் வெள்ளிக்கிழமை என் பக்கத்தைத் திறந்தாய். சரியா? பதில் சொல்லாதே.

பழைய செய்திகளை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். "உங்கம்மா வீட்ல சிரிப்பாங்களா?" என்று ஒருநாள் கேட்டிருக்கிறார். "அவங்களுக்கு யாராவது இருக்காங்களா, மனசு விட்டுப் பேச?" என்று இன்னொரு நாள். அவருக்குப் பெரிய மனசு என்று நினைத்து நானும் பதில் எழுதியிருக்கிறேன். நீ டீயை ஆறவைத்துக் குடிப்பது, உன் அறையில் கடிகாரத்தை வருபவர் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருப்பது எல்லாம். நீ நேரம் பார்ப்பது வருபவருக்குத் தெரியக் கூடாதென்று அப்படி மாட்டியதைத் தமாஷாகச் சொல்லியிருக்கிறேன். அதற்கு அவர் ரொம்ப நேரம் பதில் போடவில்லை.

அவர் என்னிடம் வந்தது எனக்காகவா, உனக்காகவா? "சாப்டியா" என்று கேட்டது என்னையா? இதை நினைத்து ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். மறுநாள் கோபம் போய்விட்டது. ஏனென்றால் குடை அக்காவின் பக்கமே இல்லை. பேரைத் தட்டினால் வெறுமையாக வருகிறது. நான் கேட்ட கேள்விக்குப் பிறகு மூடியிருக்கிறார்.

அம்மா, எழுந்திருக்கக் காரணமில்லாத நாட்கள் உண்டு என்று சொன்னவர் அவர். உனக்கும் எனக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். அவர் உன்னிடம் வருகிறாரா? உயிரோடு இருக்கிறாரா? ஒரே ஒரு சொல் எழுது. எழுத முடியாதென்றால் வெற்றுக் காகிதத்தை மடித்து அனுப்பு. வெற்றுக் காகிதம் வந்தால் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். யாரும்மா அது என்று நான் கேட்கவே மாட்டேன்.

வாலு

*

ஜூன் 28

வாலு,

வெற்றுக் காகிதமும் ஒரு பதில்தான். அதனால் இந்தக் காகிதத்தை நிரப்பி அனுப்புகிறேன்.

நீ கண்டுபிடித்ததாக எழுதியிருப்பதற்கு ஆம் என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நீ என்னைத் திட்டலாம். உன் அப்பாகூட ஒருதரம் திட்டியிருக்கிறார். அவருடைய நெருங்கின சிநேகிதர் என்னிடம் வருகிறாரா என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள், "சரி, எனக்கு ஒரு நாள் பைத்தியம் பிடிச்சா அதையும் ஊருக்குச் சொல்ல மாட்டே, அந்த வரைக்கும் லாபம்" என்றார்.

பொதுவாக ஒன்று சொல்லலாம். ஒருவரைப் பற்றி உயிர்ப் பயம் வந்தால் என் வேலையில் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டோம். யாரைக் கூப்பிட வேண்டும், எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று முதல் நாளே வருபவரிடம் கேட்டு எழுதி வைத்திருப்போம். அதைச் செய்யத் தெரியாதவள் இல்லை உன் அம்மா. செய்தேனா, செய்ய வேண்டியிருந்ததா என்பதை நீ கேட்கக் கூடாது.

எங்களுக்கு மேலே ஒரு மூத்த கவுன்சலர் உண்டு. நாங்கள் தடுக்கி விழுந்தால் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். போனேன். பேர் எதையும் சொல்லாமல், என் மகளிடம் ஒருவரைச் சுட்டிக் காட்டிவிட்டேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "வீட்டுக்காரர் போனதுக்கு எத்தனை நாள் லீவு எடுத்தே?" என்று கேட்டார். அடுத்த வாரமே அறைக்கு வந்துவிட்டேன் என்றேன். "அறைக்குத்தான் வந்தே. வர்றவங்க நாற்காலியில உட்கார்ந்தியா?" என்றார். எங்கள் வேலையில் யார் தவறினாலும், பாதிக்கப்பட்டவரிடம் என்ன நடந்தது, யாருடைய தப்பு என்று நேர்மையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும், அவர் வேறு இடம் போக நினைத்தால் வழிவிட்டுத்தான் ஆக வேண்டும் என்றார். தெரியும் என்றேன். "தெரியறது வேற" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

காகிதத்தில் இன்னும் இடம் இருக்கிறது. இதில் என்னைப் பற்றி எழுதலாம். அதற்கு யாரும் தடை போடவில்லை, நானாகப் போட்டுக்கொண்டதைத் தவிர.

சட்டையைப் பற்றி நீ எழுதியது உண்மை. வாராவாரம் இஸ்திரி போடுகிறேன். நீ கதவருகில் நின்று பார்த்திருக்கிறாய், எனக்குத் தெரியாது. அந்தச் சட்டையின் காலரில் லிஃப்ட் கிரீஸ் கறை ஒன்று உண்டு. எத்தனை முறை துவைத்தும் போகாது. அவர் இருந்தபோது அதற்காக அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். சட்டை சும்மா மாட்டியிருக்கும்போது அதில் ஒரு வாசனையும் இல்லை. இஸ்திரியின் சூடு பட்டால் மட்டும் கறையிலிருந்து கிரீஸ் வாசனை கிளம்பும். கொஞ்ச நேரம்தான் நிற்கும். அவர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது வாசலில் வருமே, அதே வாசனை. அதற்காகத்தான் போடுகிறேன்.

அப்போது கண் கலங்காதது உண்மைதான். கண்ணை மூடிக்கொண்டிருந்திருப்பேன்.

உன்னிடம் இதைச் சொல்லியிருக்கலாம். நீ அழும்போது நானும் அழுதால் உன்னைப் பிடித்துக்கொள்ள ஆள் இருக்காது என்று நினைத்தேன். என்னிடம் வருபவர்களுக்குச் செய்வதையே உனக்கும் செய்துவிட்டேன். உனக்குத் தேவைப்பட்டது வேறு.

அம்மா

*

ஜூலை 19

அம்மா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. கோபமில்லை. மூன்று தரம் ஆரம்பித்து மூன்று தரமும் கிழித்துப் போட்டேன்.

சட்டைப் பதிவை எடுத்துவிட்டேன். நீ சொன்னதற்காக எடுக்கவில்லை. தப்பாக எழுதியிருந்தேன், அதனால் எடுத்தேன். கதவருகில் நின்று பார்த்தவளுக்கு வாசனை வரவில்லை. தட்டுப் பதிவையும் எடுத்தேன். என் பக்கத்தை இப்போது தெரிந்தவர்கள் மட்டும்தான் பார்க்க முடியும். "என்னடி, கடையை மூடிட்டே?" என்று பக்கத்து மேஜை அக்கா கேட்டாள். "ஸ்டாக் தீர்ந்துபோச்சு" என்றேன்.

வீட்டுக்காரம்மாவை இப்போதெல்லாம் நேராகப் பார்த்துச் சிரிக்கிறேன். பல்லைப் பார்ப்பதில்லை, கண்ணைப் பார்க்கிறேன். அது சுலபமாக இல்லை. நீ எப்படி இத்தனை வருஷம் கடைத்தெருவில் நடந்தாய் என்று தெரியவில்லை.

இனி எழுதப் போவது வேறு விஷயம். இதைப் படித்துவிட்டு நீ ஆமாம், இல்லை எதுவும் சொல்ல வேண்டாம். முகம்கூட மாற வேண்டாம். உன்னைப் பார்க்க அங்கே யாரும் இல்லைதான், ஆனாலும் எனக்கு உன்னைத் தெரியும்.

எனக்கு மட்டும்தான் தெரியாது, உனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன் என்கிறாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒரு அச்சைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று உறைத்தது. அவர் உன்னிடமும் வராமல் போயிருந்தால்? நீ தட்ட வேண்டிய கதவையெல்லாம் தட்டியும் பதில் கிடைக்காமல், அதையும் யாரிடமும் சொல்ல முடியாமல் தனியாக இருந்திருந்தால்? எனக்காவது உன்னைக் கேட்க முடிந்தது. நீ யாரைக் கேட்டிருப்பாய்?

குடைப் படம் போட்ட பக்கம் திரும்ப வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. ஒரே ஒரு போட்டோ. மாடி வராந்தாவில் குடையை விரித்துக் காயவைத்திருக்கிறது, கீழே தண்ணீர் சொட்டிய ஈரம். அதன் கீழே இப்படி எழுதியிருக்கிறது: "புது இடம், புது ஆள். உள்ள போனதும் முதல்ல கடிகாரம் எங்க இருக்குன்னுதான் பார்த்தேன். பழைய இடத்துல மாதிரியே என் முதுகுக்குப் பின்னாடி சுவர்ல இருந்துச்சு. உட்கார்ந்துட்டேன்."

நான் அதற்குக் கீழே எதுவும் எழுதவில்லை. இதயக் குறியும் போடவில்லை. எனக்கு ஒரு செய்தியும் வரவில்லை, நானும் அனுப்பவில்லை. பார்த்தேன், மூடிவிட்டேன். அவ்வளவுதான்.

யாரும்மா அது என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன்.

அந்தச் சட்டை இன்னும் கொடியிலேயே தொங்குகிறதா?

வாலு

*

ஜூலை 24

வாலு,

கடிதம் வந்தது. இனி இப்படி எதையும் எனக்கு எழுதாதே. எந்தப் பக்கத்தில் யார் என்ன போட்டார்கள் என்பது என் காதுக்கு வரக் கூடாது. வந்தால் நான் கேட்காதவளாகத்தான் இருக்க வேண்டும். இந்த முறையும் அப்படியே.

இங்கே மழை விட்டுவிட்டது. நேற்று காலை கண் விழித்தபோது வெயில் சமையலறையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்திருந்தது. கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டி, "உடம்பு சரியில்லையா? இவ்வளவு நேரம் தூங்க மாட்டீங்களே" என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்றேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வாசலிலேயே, அப்பா செருப்பு விடும் இடத்தில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. நிறுத்தவில்லை. முடிந்ததும் டீ போட்டுச் சூடாகவே குடித்தேன்.

அடுத்த மாதம் முழுவதும் அறையைப் பூட்டுகிறேன். அவசரமென்றால் யாரிடம் போக வேண்டும் என்று வருபவர்களிடம் சொல்லிவிட்டேன். உனக்கு லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் நான் வருகிறேன்.

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. துவைத்துத்தான் அனுப்புகிறேன், கறை அப்படியே இருக்கிறது. இஸ்திரி போடவில்லை. அதை நீ போடு.

அம்மா